பிரேக்கின் மேல் இருந்த கால்

"நம்ம சர்ச்சுல இத்தன வருஷத்துல மாறாம இருக்கறது எது? ஒண்ணே ஒண்ணு சொல்லு, நான் ஒத்துக்கறேன்."

இப்படிக் கேட்டவன் என் அண்ணன். அவன் கல்லூரியில் கம்ப்யூட்டர் படிக்கிறான். ஆலயத்துக்கு வருவதை நிறுத்திவிட்டான். முதலில் தூக்கத்தால் வராமல் இருந்தான், பிறகு அதையே கொள்கையாக்கிக்கொண்டான். அன்று அவன் அடுக்கிக்கொண்டே போனான். மரப் பெஞ்சு போய் பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. ஆர்மோனியம் போய் கீபோர்டு வந்தது. பாட்டுப் புத்தகம் போய்த் திரை வந்தது. வசனங்களே புது மொழிபெயர்ப்பில் வேறு மாதிரி ஒலிக்கின்றன. காய்ச்சல் என்றால் படுத்தபடி போனில் ஆராதனை பார்க்கிறோம். இவ்வளவும் மாறிய பிறகு உள்ளே இருக்கும் உண்மை மட்டும் அப்படியே இருக்கிறது என்று எதை வைத்துச் சொல்கிறாய் என்றான். நான் "கடவுள்" என்றேன். அது பதில் இல்லை, தப்பித்து ஓடுவது என்று சிரித்தான்.

எனக்கு ஆத்திரம் வந்தது. பதில்தான் வரவில்லை.

பள்ளிப் படிப்பு முடிந்து, அடுத்து என்ன என்று தெரியாமல் நான் வீட்டுக்குள் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்த காலம் அது. என் தொல்லை தாங்காமல் அம்மா என்னைச் சித்தியிடம் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள அனுப்பினார். அங்கே பார்த்ததைத்தான் இப்போது எழுதுகிறேன்.

சித்தி ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறார். பள்ளி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஒரே ஒரு அறை, சாலைக் குறியீடுகளின் படம் ஒட்டிய சுவர், ஒரு மேஜை, வாசலில் ஒரு வெள்ளைக் கார். அவ்வளவுதான். முன்பு அவர் துணிக்கடையில் வேலை பார்த்தவர். பஸ்ஸுக்குக் காத்து நின்றே பாதி ஆயுள் போகிறது என்று அலுத்துப்போய்க் கார் ஓட்டக் கற்றார். கற்றுக்கொடுத்தவர் ஓய்வு பெற்றபோது அந்தக் காரையும் அறையையும் தானே எடுத்து நடத்தத் துணிந்தார். ஆள் குள்ளம். இருக்கையில் தலையணை போட்டுத்தான் உட்காருவார்.

சித்தி யாரையும் திட்ட மாட்டார். மாணவர் தப்பாக ஓட்டினால் மெதுவாக ஒரு ஞானப்பாட்டை முணுமுணுக்க ஆரம்பிப்பார். பாட்டுச் சத்தம் கூடக் கூட, நாம் செய்யும் தப்பும் பெரிது என்று பொருள். நான் முதல் நாள் ஓட்டியபோது எல்லாச் சரணங்களும் முடிந்து பல்லவிக்கே திரும்பிவிட்டார்.

பயிற்சிக் காரில் பக்கத்து இருக்கைக்கும் ஒரு பிரேக் உண்டு. சித்தியின் கால் எப்போதும் அதன் மேல் தயாராக இருக்கும். மாணவர் தேறிவிட்டார் என்று அவருக்கு நம்பிக்கை வரும் நாளில், ஒரு வார்த்தையும் சொல்லாமல் காலை எடுத்து இருக்கைக்கு அடியில் மடக்கிக்கொள்வார். தங்கள் முறைக்காகப் பின்னால் உட்கார்ந்திருக்கும் மற்ற மாணவர்கள் அதைப் பார்த்ததும் கை தட்டுவார்கள். எங்களுக்குள் அதற்குப் பெயர் கால் எடுக்கும் நாள். லைசென்ஸ் கிடைப்பதைவிட எங்களுக்கு அதுதான் பெரிது.

இனி சித்தப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் டைல்ஸ் போடுகிறவராக இருந்தார். தபால் நிலைய முக்கில் சாலையைக் கடக்கும்போது, போனைப் பார்த்தபடி ஒருவர் ஓட்டி வந்த பேக்கரி வேன் அவரை மோதியது. முழங்கால் நொறுங்கிவிட்டது. ஆபரேஷனுக்குப் பிறகு நடக்கிறார், ஆனால் அந்தக் கால் மடங்காது. மண்டியிடாமல் டைல்ஸ் போட முடியாது. அதனால் இப்போது ஒரு டைல்ஸ் கடையில் நின்றபடி வியாபாரம் பார்க்கிறார். அவர் சீக்கிரமே சிரிக்க ஆரம்பித்துவிட்டார். ஆலயத்தில் எல்லாரும் முழங்காலில் நிற்கும்போது தனக்கு மட்டும் மேலிடத்திலிருந்து ஸ்பெஷல் பர்மிஷன் என்பார். சித்திக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

வேன்காரரின் லைசென்ஸைக் கோர்ட்டு ரத்து செய்தது. அந்தத் தண்டனைக் காலம் முடிந்ததும் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து, மறுபடி சோதனையில் தேறினால்தான் அவர் வண்டி ஓட்டலாம். அவருக்குத் தெரிந்த ஒரே வேலை அதுதான். ஊரிலிருந்த மற்றப் பள்ளிகள் எல்லாம் கையை விரித்துவிட்டன. அவரைச் சேர்த்துவிட்டுச் சித்தி முகத்தில் எப்படி விழிப்பது என்று அவர்களுக்குச் சங்கடம். கடைசியில் அவர் சித்தியிடமே வந்தார்.

நான் அப்போது அறையில் இருந்தேன். அவர் உள்ளே வராமல் வாசலில் நின்று, சித்திக்குத் தெரியாதது போலத் தான் யார் என்று சொன்னார். பிறகு, "வேற யாரும் சேத்துக்க மாட்டேங்கறாங்க டீச்சர். நீங்களும் முடியாதுன்னு சொன்னா அது நியாயந்தான். கேக்காம போகக் கூடாதுன்னு வந்தேன்" என்றார்.

சித்தி மேஜை மேலிருந்த பேனாவைத் திறந்து மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தார். கடைசியில் நாளைக் காலையில் வாருங்கள் என்றார். வேன்காரர் போன பிறகு நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார்.

அன்று மாலை எங்கள் வீட்டில் இதே பேச்சு. கோர்ட்டு தண்டித்தாயிற்று, கணக்கு முடிந்தது, இதில் மன்னிப்புக்கு என்ன வேலை என்றான் அண்ணன். கோர்ட்டும் போலீஸும் இல்லாத காலத்தில் மனிதர்கள் வெட்டிக்கொண்டு சாகாமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது என்றும் சொன்னான். சித்தி கோபப்படவில்லை.

"கோர்ட்டு அவரோட லைசென்ஸ எடுத்துச்சுப்பா. எங்கிட்ட இருக்கற கோபத்த எடுக்கச் சொல்லி எந்தக் கோர்ட்டுல மனு போடறது?"

சித்தப்பா இடையில் புகுந்து, அடிபட்டது தன் கால், தானே மன்னித்துவிட்டபோது இவள் ஏன் அதைப் பிடித்துத் தொங்குகிறாள் என்று கேலி செய்தார். சித்தி அவரைத் திரும்பிப் பார்த்தார்.

"கால் உங்களோடதுதான். நீங்க வலியில துடிக்கறப்ப அத அமுக்கிவிட்டது என்னோட கை."



அந்த ஞாயிற்றுக்கிழமை சித்தி ஆலயத்தில் எழுந்து நின்று சாட்சி சொன்னார். தன் கணவரை மோதியவரைத் தான் மன்னித்துவிட்டதாகவும், அவருக்கு வண்டி ஓட்டக் கற்றுத்தருவதாகவும் சொன்னார். பலர் கண்களைத் துடைத்துக்கொண்டார்கள். சித்தி பொய் சொல்லவில்லை. அவர் அதை உண்மையாகவே நம்பினார்.

வேன்காரர் பல வருடம் வண்டி ஓட்டியவர். கிளட்ச் எது, கியர் எது என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. முதல் நாளே சித்தி காலை எடுத்துவிடுவார் என்று நினைத்தேன். எடுக்கவில்லை. அவருக்குப் பின் சேர்ந்த ஒரு நர்சுக்குக் கால் எடுக்கும் நாள் வந்தது. கண்ணாடியைப் பார்க்கவே பயந்த ஒரு ஓய்வுபெற்ற வாத்தியாருக்கும் வந்தது. இரண்டு முறையும் வேன்காரர் பின்னால் உட்கார்ந்து எங்களோடு கை தட்டினார். அவர் ஓட்டும்போது மட்டும் கார் முனகிக்கொண்டே ஊர்ந்தது. மேட்டில் ஏறவே மறுத்தது. சித்தி பாடவும் இல்லை, பேசவும் இல்லை. நேராகச் சாலையைப் பார்த்தபடி இருப்பார்.

ஒருநாள் சக்கரத்திலிருந்து தீய்ந்த வாடை வந்தது. வண்டியை அப்படியே ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனோம். மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றி, தேய்ந்து இரும்பு தெரிந்த பிரேக் பேடைக் கையில் எடுத்துக் காட்டினார். புதிதாக மாட்டி அதிக நாள் ஆகவில்லையே, எந்தப் புண்ணியவான் இப்படிப் பிரேக்கை மிதித்துக்கொண்டே ஓட்டுகிறார் என்று கேட்டார்.

வேன்காரர் உடனே, ரொம்ப நாள் ஓட்டாததால் தன் கால்தான் பழக்கம் கெட்டிருக்கும் என்றார்.

"பொய் சொல்லாதீங்க" என்றார் சித்தி. "மிதிச்சது நான். உங்களுக்குத் தெரியுந்தானே?"

"தெரியும் டீச்சர்."

"ஏன் சொல்லல?"

"சொல்ற உரிமை எனக்கு இருக்குன்னு தோணல."

சித்தி அந்தப் பேடை வாங்கிக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார். அவர் வேண்டுமென்று மிதிக்கவில்லை. தான் மிதிக்கிறோம் என்பதே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. வாய் மன்னித்துவிட்டது, சபையும் கேட்டுவிட்டது, கால் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

நான் இதை வீட்டில் சொன்னதும் அண்ணன் சித்தியிடமே போய், "எல்லாம் வாய்ல மட்டுந்தான் சித்தி" என்றான். எனக்கு அவனை அடிக்கலாம் போல இருந்தது. சித்தி, சரிதான், சொல்லிவிட்டேன், செய்யவில்லை என்று உடனே ஒப்புக்கொண்டார். அண்ணனே தடுமாறிவிட்டான். அவனுக்குச் சித்தி மேல் பாசம் உண்டு. இதற்குப் போய் ஏன் உங்களை வருத்திக்கொள்கிறீர்கள், அந்த ஆளை வேறு ஊரில் ஒரு பள்ளிக்கு அனுப்பிவிடுங்கள், மன்னிக்கச் சொல்லும் அந்தப் போதனையை உங்களால் முடிகிற அளவுக்குக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டால் யார் குறை சொல்லப்போகிறார்கள் என்றான். அதற்குச் சித்தி சொன்னதை நான் அப்படியே நினைவில் வைத்திருக்கிறேன்.

"நான் கோபமா இருக்கும்போது அந்தப் போதனையும் என்கூடச் சேந்து கோபப்பட்டா, அப்புறம் அது எனக்கு எதுக்குப்பா? அது நின்ன எடத்துலயே நிக்கறதாலதான் நான் எவ்வளவு தள்ளிப் போயிட்டேன்னு எனக்குத் தெரியுது."

அடுத்த ஞாயிறு அவர் மறுபடி எழுந்து நின்று, முன்பு சொன்னது இன்னும் உண்மையாகவில்லை, எனக்காக ஜெபியுங்கள் என்றார். இந்த முறை யாரும் கண்ணைத் துடைக்கவில்லை. எங்கோ ஒருவர் உச்சுக் கொட்டியது கேட்டது. முதல் சாட்சியைவிட அதற்குத்தான் அதிக தைரியம் வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அந்த வாரம் முழுவதும் தினமும் காலையில், வகுப்புக்கு முன்னால், நிறுத்தியிருந்த காரில் தனியாக உட்கார்ந்து ஜெபித்தார். வெளியே வரும்போது முகம் அழுதது போலவும் இருக்கும், சண்டை போட்டது போலவும் இருக்கும்.

புதுப் பேட் மாட்டிய பிறகு ஒரு காலையில் சித்தப்பாவையும் வகுப்புக்கு அழைத்து வந்தார். அவரும் நானும் பின்னால் உட்கார்ந்தோம். வேன்காரர் ஸ்டியரிங்கைப் பிடித்ததும், தபால் நிலைய முக்குக்குப் போகச் சொன்னார் சித்தி. வேன்காரரின் கை ஸ்டியரிங்கிலிருந்து நழுவியது.

"அங்க வேண்டாம் டீச்சர்."

"அங்கதான் தம்பி."

அவரைத் தம்பி என்று சித்தி அழைத்தது அதுதான் முதல் முறை. சித்தப்பா பின்னாலிருந்து குனிந்து, "பயப்படாதீங்க. இந்தத் தடவ நான் வண்டிக்கு உள்ளதான் இருக்கேன்" என்றார். வேன்காரர் சிரிக்கப் பார்த்து அழுதுவிட்டார்.

பிறகு சித்தி பெல்ட்டை மாட்டினார். செருப்பைக் கழற்றினார். வழக்கம் போல ஒரு காலை மட்டும் எடுத்து அடியில் மடக்காமல், இரண்டு கால்களையும் தூக்கி இருக்கை மேல் வைத்துத் தலையணை மீது சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். இனி அவர் நினைத்தாலும் அந்தப் பிரேக்கை எட்ட முடியாது. கார் கிளம்பியது. வேன்காரர் ஓட்டி, முனகாமல் அந்தக் கார் ஓடியதை அன்றுதான் கேட்டேன்.

முக்கு நெருங்கியது. எதிர்ப்பக்கமிருந்து அட்டைப்பெட்டி கட்டிய ஒரு பைக் விதியை மீறிக் குறுக்கே வந்தது. சித்தியின் விரல்கள் தன் முழங்காலை இறுகப் பற்றின. கால் கீழே இறங்கவில்லை. வேன்காரர் பதற்றமில்லாமல் பிரேக் போட்டு, பைக்கைப் போகவிட்டு, இரண்டு பக்கமும் பார்த்து, வண்டியைத் திருப்பினார். நாங்கள் முக்கைக் கடந்துவிட்டோம்.

அப்போது சித்தி பாட ஆரம்பித்தார். முணுமுணுப்பு இல்லை, தொண்டை திறந்த பாட்டு. வேன்காரர் பயந்துபோய் வேகத்தைக் குறைத்தார்.

"நீ தப்பு ஒண்ணும் பண்ணல தம்பி, ஓட்டு" என்றார் சித்தி. "இது வேற பாட்டு."

சித்தப்பாவும் சுருதி சேராமல் சேர்ந்துகொண்டார். நான் உள்ளங்கை எரியும்வரை கை தட்டினேன். பஸ் நிறுத்தத்தில் நின்றவர்கள் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். அந்தக் காருக்குள் இருந்த எங்களைவிடப் பெரிய வெற்றி அடைந்தவர்கள் அன்று உலகத்தில் யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

வேன்காரர் சோதனையில் தேறினார். மறுபடி பேக்கரி வேன்தான் ஓட்டுகிறார். போனை வண்டியின் பின்பக்கம், ரொட்டித் தட்டுகளுக்கு நடுவில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் ஏறுகிறார்.

அண்ணனுக்கு நான் கடைசியில் பதில் சொன்னேன். நாற்காலி மாறும், பாட்டு மாறும், மொழிபெயர்ப்பு மாறும். இனி கார்கூடத் தானாகவே ஓடும் என்று அவனே சொல்கிறான். ஓடட்டும். உனக்குத் தீங்கு செய்தவனை மன்னித்துவிடு என்று அன்று இயேசு சொன்னபோது எதிரே உட்கார்ந்திருந்தவர்களுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்குமோ, சித்திக்கும் அவ்வளவு கஷ்டமாகவே இருந்தது. அவர்களை எவ்வளவு விடுவித்ததோ, சித்தியையும் அவ்வளவு விடுவித்தது. பழைய சொல் என்றால் இத்தனை காலத்தில் ஆறிப்போயிருக்க வேண்டாமா? தொட்டால் இன்னும் சுடுகிறதே. இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை, பின்சீட்டிலிருந்து பார்த்தேன் என்றேன். அண்ணன் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டான் என்று எழுத மாட்டேன். யோசிக்க வேண்டும் என்றான். அவன் வாயிலிருந்து அது வருவதே எனக்குப் போதுமாக இருந்தது.

இதை எழுதலாமா என்று சித்தியிடம் கேட்டேன். ஒரே ஒரு நிபந்தனை போட்டார். அதை உங்களுக்கும் வைக்கிறேன். மன்னிக்க முடியாமல் தவிக்கிற யாராவது உங்களுக்குத் தெரிந்திருந்தால் இந்தக் கதையை அவரிடம் சொல்லுங்கள். ஜெயித்த இடத்தை மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். சித்தி தோற்று நின்ற இடத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.