ஹில்டுர் இறங்காத ஆட்டம்

போன மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நானும் மகள் ஆரணியும் தோர்ண்டன் ஹீத்திலிருந்து வால்தம்ஸ்டோப் பக்கம் பெண்கள் கால்பந்து ஆட்டம் ஒன்று பார்க்கப் போனோம். லண்டனுக்குள்ளேயே போய்வந்ததற்குப் பயணக் கட்டுரையா என்று கேட்பீர்கள். நகரத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ஞாயிற்றுக்கிழமையில் ஒரு தரம் போய்ப் பாருங்கள், பிறகு கதையுங்கள்.

நாங்கள் போனது ஹில்டுரைப் பார்க்க. ஐஸ்லாந்துக்காரி, நடுக்களத்தில் ஆடுபவள். கடற்கரையோரச் சின்ன ஊர் ஒன்றில் பிறந்து, பதினேழு வயதில் தேசிய அணிக்குள் வந்து, சுவீடனிலும் ஜெர்மனியிலும் ஆடிவிட்டு லண்டனுக்கு வந்தவள். அந்த நாட்டில் அநேகமாக யாருக்கும் குடும்பப் பெயர் கிடையாதாம். தகப்பனின் பெயரோடு ‘மகள்’ என்று சேர்த்துக்கொள்வார்கள். பள்ளிக்கூடத்தில் தகப்பன் பெயரைச் சொல்லித் தன்னைக் கூப்பிடுகிறார்கள் என்று அழுதுகொண்டு வந்த ஆரணிக்கு, அதே மாதிரிப் பெயரோடு ஒருத்தி தொலைக்காட்சியில் ஓடுவதைக் கண்டதும் பிடித்துப்போயிற்று. பன்னிரண்டு வயதில் பிடித்த பைத்தியம் அது.

இப்போது ஆரணிக்கு இருபது. எங்கள் பக்கத்துப் பெண்கள் அணி ஒன்றில் ஆடியவள். இடது முழங்காலுக்குள் இருக்கும் நார் இரண்டு முறை அறுந்து, இரண்டு முறையும் சத்திரசிகிச்சை. ஹில்டுருக்கும் அதே முழங்கால்தான். மூன்று முறை வெட்டித் தைத்து, ஒரு வருடத்துக்கு மேல் ஆடாமல் இருந்தவளின் பெயர் இந்த ஆட்டத்துக்கான அணியில் வந்தது. இதுதான் கடைசி ஆட்டம் என்றும் அறிவித்துவிட்டாள்.

ஆரணிக்கு மூன்றாவது சத்திரசிகிச்சைக்கு இடம் கிடைத்திருந்தது. செய்வதா வேண்டாமா என்று செவ்வாய்க்கிழமைக்குள் சொல்லவேண்டும். செய்யாவிட்டால் நடக்கலாம், வேலைக்குப் போகலாம், ஆட மட்டும் ஏலாது. செய்தாலும் ஆடலாம் என்று வைத்தியர் உறுதி தரவில்லை. “ஹில்டுர் அஞ்சு நிமிசம் இறங்கினாலே காணும் அம்மா, நானும் செய்வன்” என்று சொல்லிவிட்டாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய், ஹில்டுர் இறங்கக் கூடாது, இறங்காவிட்டால் நூற்றெட்டுத் தேங்காய் உடைக்கிறேன் என்று பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்தேன். எங்கள் ஆட்கள் விசாவுக்கும் வீட்டுக்கும் பிள்ளைகளின் சோதனைக்கும் தேங்காய் உடைப்பார்கள். முன்பின் தெரியாத ஒரு பெண், மாற்று ஆட்டக்காரர் இருக்கும் வாங்கை விட்டு எழும்பக் கூடாது என்று நேர்ந்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். என்னைத் திட்டுகிறவர்கள் திட்டுங்கள். பிள்ளையைப் பிளாஸ்டிக் கதிரையில் இருத்தி, காலில் தண்ணீர் படாமல் மாதக்கணக்காகக் குளிப்பாட்டியவள் நான். இன்னொரு தரம் அந்தச் சத்திரசிகிச்சை அறை வாசலில் நிற்க எனக்குத் தெம்பில்லை.

ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணிக்கு எமகண்டம் தொடங்கிவிடும் என்பதால், இரண்டு மணி ஆட்டத்துக்குப் பத்தே முக்காலுக்கே வெளிக்கிட்டோம். தோர்ண்டன் ஹீத்திலிருந்து விக்டோரியாவுக்கு ரயிலில் அரை மணித்தியாலம். அங்கிருந்து நிலக்கீழ் ரயிலில் கடைசி நிலையமான வால்தம்ஸ்டோ சென்ட்ரல் வரை இருபத்தைந்து நிமிடம். போகவர ஆளுக்குப் பத்துப் பவுண் அளவில் முடிந்தது. விக்டோரியாவில் படிகளும் நடையும் அதிகம். ஆரணி ஒரு படிக்கு இரண்டு காலையும் வைத்துத்தான் இறங்கினாள், நான் பார்க்காத மாதிரி நடந்தேன்.

நிலையத்துக்கு வெளியே பஸ் ஏறினோம். சாரதி எங்கள் ஆள், தமிழர் என்று அப்போது தெரியாது. இது மைதானத்தடியால் போகுமா என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

“ஓம் அக்கா, ஏறுங்கோ. நாலாவது தரிப்பு. இண்டைக்கு என்ன, பொம்பிளைப் பிள்ளையளின்ர மட்ச்சோ?”

“ஓம் அண்ணை” என்றாள் ஆரணி. “ஹில்டுரின்ர கடைசி மட்ச்.”

“ஆர் அது, தங்கச்சி?” என்றார். நாலு தரிப்புக்கும் அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். அவ்வளவு சந்தோசமாக அவள் கதைத்து ஒரு வருடம் இருக்கும்.

நுழைவுச்சீட்டு ஆளுக்குப் பன்னிரண்டு பவுண். பெரிய பைக்கு அனுமதியில்லை. நான் கொண்டுபோன மட்டன் ரோல்ஸ் முழுவதையும் வாசலில் நின்றே சாப்பிட்டு முடிக்கவேண்டி வந்தது.

ஆட்டம் தொடங்கியபோது ஹில்டுர் வாங்கில் இருந்தாள். இரண்டாம் பாதியில் அவளுடைய அணி இரண்டுக்கு ஒன்று என்று முன்னால் நின்றது. எழுபதாவது நிமிடத்தில் அவள் எழும்பி எங்களுக்கு முன்னாலேயே கோட்டோரம் உடம்பைச் சூடாக்க ஓடத் தொடங்கினாள். முழங்காலைச் சுற்றிப் பட்டி. திரும்பும்போது மட்டும் உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தது. ஆரணி என் கையைப் பிடித்திருந்தாள். பயிற்சியாளர் கூப்பிட்டார். ஹில்டுர் மேற்சட்டையைக் கழற்றிவிட்டு, தலைமயிரை இறுக்கிக் கட்டினாள்.

அந்த நேரம் பார்த்து மற்ற அணி கோல் போட்டது. இரண்டுக்கு இரண்டு; இனி வெல்ல வேகமான கால் வேண்டும். பயிற்சியாளர் ஹில்டுரின் தோளில் தட்டி ஏதோ சொல்லிவிட்டு, இளம் பெண் ஒருத்தியை இறக்கினார். ஹில்டுர் தலையை ஆட்டிவிட்டு மேற்சட்டையைத் திரும்பவும் போட்டாள்.

“அவளை இறக்குங்கோ!” என்று யாரோ தமிழில் கத்தினார்கள். பார்த்தால் கத்தினது நான்தான், கதிரையை விட்டு எழும்பி நிற்கிறேன். முன்வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நேர்த்தியும் மறந்து, தேங்காயும் மறந்து, இறக்குங்கோ இறக்குங்கோ என்று விசில் ஊதும் வரை கத்தினேன். ஒருவரும் இறக்கவில்லை.

ஆட்டம் முடிந்து அவள் மைதானத்தைச் சுற்றி வந்தாள், எல்லோரும் கைதட்டினோம். வேலியடியில் நின்றபோது ஆரணி தன் காலைக் காட்டி, இரண்டு முடிந்தது, மூன்றாவது செய்யட்டா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். ஹில்டுர் வேலிக்கு மேலால் குனிந்து முழங்கால் தழும்பைப் பார்த்தாள்.

“என்னிடம் கேட்காதே” என்றாள். “கைப்பிடி இல்லாமல் என்னால் படி இறங்க முடியாது. நாளைக்கு ஐந்து நிமிடம் தருகிறோம் என்றால் நாலாவதையும் செய்வேன். என்னை மாதிரி ஆளிடம் இதைக் கேட்கக் கூடாது.” ஆரணியைக் கட்டிப்பிடித்துவிட்டுப் போனாள்.

திரும்பும் ரயிலில் ஆரணி இடது காலை என் மடியில் நீட்டினாள். பிறகு, “அவவுக்கே கிடைக்கேல்லை அம்மா, எனக்குக் கிடைக்குமே? நீங்களே ஆஸ்பத்திரிக்குப் போன் எடுத்து வேண்டாமெண்டு சொல்லிவிடுங்கோ, எனக்குச் சொல்ல ஏலாது” என்றாள். நான் நேர்ந்தது அப்படியே கிடைத்துவிட்டது.

போக நினைப்பவர்களுக்கு: முதல் நாளே ரயில் ஓடுகிறதா என்று பாருங்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் பாதை வேலை நடக்கும். சின்னப் பை கொண்டுபோங்கள். வீரர்கள் இருக்கும் வாங்குப் பக்கம் இடம் எடுத்தால் எல்லாம் கிட்டத்தில் தெரியும், தாங்குவீர்கள் என்றால் எடுங்கள். தேங்காயைப் பற்றிக் கேட்காதீர்கள், இன்னும் உடைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை ஆஸ்பத்திரிக்கு நான்தான் போன் எடுத்தேன். மறுமுனைப் பெண் காரணம் கேட்டாள். மகளுக்கு இனி விளையாட விருப்பமில்லை என்றேன்.

பக்கத்தில் இருந்த ஆரணி என் கையைத் தொட்டாள்.

“விருப்பமில்லை எண்டு சொல்லாதேங்கோ அம்மா. ஏலாது எண்டு சொல்லுங்கோ.”

நான் திருத்திச் சொன்னேன்.