இடது கண்ணில் இருந்த ஓவியம்

மகள் வேலை பார்க்கும் கொச்சியில், நவீன ஓவியங்களுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. காமயகவுண்டன்பட்டியிலிருந்து அவளைப் பார்க்கப் போனபோது, எங்கள் இருவரையும் அங்கே இழுத்துக்கொண்டு போனாள். என் வீட்டுக்காரர் திராட்சைத் தோட்டக்காரர். உள்ளே ஏசி இருக்கும் என்று சொன்னதால்தான் வந்தார்.

எனக்கு முதல் அறையிலேயே பிடித்துப்போனது. உடைந்த கூரை ஓடுகளைக் கம்பியில் கோத்து மேலிருந்து தொங்கவிட்டிருந்தார்கள். குப்பையில் போட வேண்டியதை இப்படி அண்ணாந்து பார்க்க வைக்க எவ்வளவு பெரிய மனசு வேண்டும்! அடுத்த அறையில் சுவர் அகலத்துக்கு ஒரே ஓவியம். ஆள் இல்லை, மரம் இல்லை. மேலிருந்து கீழ்வரை பழுப்பு, அதற்குள் கோடு கோடாக இன்னும் அடர்ந்த பழுப்பு. நான் பிறந்த ஆண்டிபட்டிப் பக்கம் மானாவாரிக் காட்டை உழுதுபோட்டுவிட்டு மழைக்குக் காத்திருப்பார்களே, அப்படியே இருந்தது. வரைந்த கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்போல இருந்தது எனக்கு.

“உழுத மண்ண என்னமா வரைஞ்சிருக்காக, பாருங்க” என்றேன்.

“மண்ணா? கத்திரிப்பூக் கலர்ல எந்த ஊருல மண்ணு இருக்கு?” என்றார் அவர். “ஆண்டிபட்டிக்காரிக்கு எதப் பாத்தாலும் புழுதிதான்.”

கத்திரிப்பூவாம்! ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் காலமெல்லாம் நிறம் சொல்லிக்கொடுத்தவள் நான், விடுவேனா? மகளைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவளும் கத்திரிப்பூ என்றாள். அப்பாவும் மகளும் கூட்டு என்று, அங்கே நின்ற காவலரைக் கேட்டேன். அவர் பணிவாக, “வயலட்” என்றார். மூன்று பேர் மீதும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் வெளியே வரும்போது கோபத்தைவிடப் பயம்தான் அதிகமாக இருந்தது.

தேனியில் கண் டாக்டர் பார்த்துவிட்டு, இரண்டு கண்ணிலும் புரை முற்றிவிட்டது என்றார். முற்றினால் நிறங்கள் பழுப்பேறித்தான் தெரியுமாம். முதலில் வலது கண்ணில் ஆபரேசன் நடந்தது. கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்ததும், கொடியில் காய்ந்த அவருடைய வேட்டியைப் பார்த்தேன். வலது கண்ணுக்குப் பளீர் வெள்ளை. இடது கண்ணுக்கு டீயில் நனைத்த துணி. சின்னப்பிள்ளை மாதிரி மாற்றி மாற்றி மூடிப் பார்த்து ஒரே சிரிப்பு.

அப்போதுதான் உறைத்தது. இடது கண்ணையும் சரிசெய்துவிட்டால் அந்த உழுத காடு போய்விடும். அதை வரைந்தவர்கூடப் பார்த்ததில்லை. உலகத்திலேயே என் இடது கண்ணில் மட்டும்தான் அது இருக்கிறது.

“அடுத்த ஆபரேசனுக்கு முன்னால கொச்சிக்குப் போகணும்” என்றேன்.

“முடிஞ்ச பெறகு போனா நல்லாத் தெரியும்ல?”

“நல்லாத் தெரிஞ்சிரும்னுதான் இப்பவே போகணுங்கிறேன்.”

ஏதேதோ முணுமுணுத்தார். ஆனாலும் குமுளி வழியாகப் பஸ் ஏறினோம். வண்டியில்தான் விஷயத்தை விளக்கிச் சொன்னேன். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்.

அங்கே போனால், அந்தச் சுவரில் வேறு ஓவியம் தொங்கியது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர்தான் காவலரிடம் போய், இரண்டு கையையும் அகல விரித்துக் காட்டி, இளவயதில் ஏலக்காய் எஸ்டேட் வேலைக்குப் போய்க் கற்ற மலையாளத்தில் என்னவோ கேட்டார். “முகளில் உண்டு” என்று காவலர் மாடியைக் காட்டினார்.

மாடியில் முதலில் வலது கண்ணால் பார்த்தேன். கத்திரிப்பூதான். அழகு என்றால் அப்படி ஓர் அழகு. கோடுகளுக்கு நடுவே மெல்லிய நீலமும் ரோஸும் ஓடியதை நான் முன்னால் பார்க்கவே இல்லை. வரைந்தவரை மனதுக்குள் இன்னொரு முறை கும்பிட்டேன். பிறகு வலது கண்ணைப் பொத்தினேன். மண் வந்தது. இன்னும் மழை விழாத மண். கண்ணீர் மறைக்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தேன்.

திரும்பினால், அவர் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு நிற்கிறார். பிறகு மறு கண்ணைப் பொத்தினார். கொஞ்சம் தள்ளிப்போய் நின்று மறுபடியும் பொத்திப் பார்த்தார்.

“எனக்கு ரெண்டுலயும் கத்திரிப்பூதான் தெரியுது” என்றார் வருத்தமாக. “எங்கன உழுதிருக்கு? வெரல நீட்டிக் காட்டு.”