வத்தலுக்குப் பக்கத்தில் ஒரு கை

புதிதாகக் கேமரா வாங்க நினைக்கிறவர்கள் என்னிடம் வந்து யோசனை கேட்பதுண்டு. விருதுநகரில் மிளகாய் வத்தல் வியாபாரம் பார்க்கிறவனிடம் ஏன் கேட்கிறார்கள் என்றால், கேமரா சாமான் வாங்குவதில் என்னளவுக்கு ஏமாந்தவன் இந்த ஊரில் வேறு யாரும் இல்லை. கேமரா ஒன்று, லென்ஸ் மூன்று, நடுவில் ஓட்டை போட்ட வட்ட விளக்கு ஒன்று, டிரைபாட் இரண்டு வைத்திருக்கிறேன். டிரைபாட் எதற்கு இரண்டு என்றால், முதலில் மலிவாக வாங்கியது ஒரு வாரத்தில் கேமராவோடு குப்புற விழுந்தது. மலிவு டிரைபாட் வாங்காதீர்கள். இது நான் சொல்லும் முதல் யோசனை. இதற்கு விலையாக என் கேமராவின் மூலை ஒன்று நசுங்கியிருக்கிறது.

இரண்டாவது, வத்தல் மூடைகள் அடுக்கியிருக்கும் கிட்டங்கிக்குள் நின்று லென்ஸ் மாற்றாதீர்கள். வத்தல் தூசி கேமராவுக்குள் போய்விட்டால் எந்தப் படம் எடுத்தாலும் வானத்தில் நாலு புள்ளி தெரியும். மதுரையில் பழுது பார்க்கிறவர் என் கேமராவைத் திறந்துவிட்டு விடாமல் தும்மினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, இதில் என்ன சார் அரைத்தீர்கள் என்று கேட்டார். எனக்கு அப்போது கோபம் வந்தது. கலைஞனிடம் இப்படியா கேட்பது என்று நினைத்தேன்.

ஆமாம், அப்போது நான் என்னைக் கலைஞன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். சாயங்காலமானால் கண்மாய்க் கரைக்குப் போய் சூரியன் மறைவதை எடுப்பேன். சூரியன் தன் பாட்டுக்கு எல்லா நாளும் ஒரே மாதிரி மறைந்தது. நான்தான் ஒவ்வொரு லென்ஸாக மாற்றிக்கொண்டிருந்தேன். கேமராவில் கலரைக் கூட்டிக் காட்டும் அமைப்பு ஒன்று உண்டு. அதைப் போட்டால் வானம் தீப்பிடித்த மாதிரி வரும். என் மனைவி அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு, நம் கண்மாய் எப்போது இப்படி இருந்தது என்று கேட்டாள். அவளுக்கு ரசனை போதாது என்று முடிவு செய்தேன்.

கடையை நடத்துவது என் அண்ணன். வத்தல் வாங்குகிறவர்களுக்கு முன்பெல்லாம் சாம்பிளைப் பையில் கட்டி பஸ்ஸில் போடுவோம். இப்போது போனில் படம் அனுப்பினால் போதும். அண்ணன் எடுக்கும் படம் சாய்ந்திருக்கும், டியூப் லைட் வெளிச்சத்தில் வெளிறியிருக்கும், ஓரத்தில் பாதி சாக்கு தெரியும். அதைப் பார்த்துத்தான் பொள்ளாச்சிப் பக்கத்து மசாலா மில்காரர் ஒருவர் லோடு லோடாக ஆர்டர் கொடுத்துக்கொண்டிருந்தார். இருபது வருஷப் பழக்கம். அண்ணன் நல்ல சரக்கு என்றால் அவருக்கு நல்ல சரக்கு, சுமார் என்றால் சுமார். வீட்டில் இவ்வளவு பெரிய கேமரா இருக்க, கடைப் பெயரில் இப்படிப் படம் போவது எனக்கு அவமானமாக இருந்தது. இனிமேல் நான் எடுக்கிறேன் என்றேன். உள்ளது உள்ளபடி எடு என்று மட்டும் சொல்லிவிட்டு அண்ணன் வேலையைப் பார்க்கப் போனார்.

உள்ளது உள்ளபடி எடுக்கவா மூன்று லென்ஸ் வாங்கினேன்? அன்று வந்திருந்த வத்தல், களத்தில் காயும்போது ஒரு மழை பட்ட சரக்கு. காய்ந்துவிட்டது, ஆனால் நிறம் கொஞ்சம் மங்கல். ஒரு பிடி எடுத்துக் கறுப்புத் துணியில் பரப்பினேன். வட்ட விளக்கைப் போட்டேன். கண்மாய்ச் சூரியனுக்கு வைத்திருந்த கலர் அமைப்பு அப்படியே இருந்தது. அதை மாற்ற வேண்டும் என்று தோன்றவே இல்லை. அப்புறமும் ஏதோ குறைவதாகப் பட்டது. சாப்பாட்டுப் படம் எடுக்கிறவர்கள் பளபளப்புக்காகத் தண்ணீர் தெளிப்பார்கள் என்று ஒரு வீடியோவில் பார்த்திருந்தேன். சட்டைக்கு இஸ்திரி போடும்போது தெளிக்கிற பாட்டிலை எடுத்து வந்து, பூப்போல நாலு தெளி தெளித்தேன்.

வத்தல் வியாபாரம் தெரிந்தவர்கள் இந்த இடத்திலேயே தலையில் கை வைத்திருப்பார்கள். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: எடையும் மினுமினுப்பும் கூடட்டும் என்று வத்தலில் தண்ணீர் தெளிப்பதுதான் எங்கள் தொழிலில் இருப்பதிலேயே பெரிய திருட்டு. அப்படி ஒரு பேச்சு வந்தால் ஒரு கடையின் பெயர் ஒரே சீசனில் போய்விடும். வத்தல் மூடைகளுக்கு நடுவிலேயே வளர்ந்த எனக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் அந்த நேரத்தில் நான் வியாபாரி இல்லையே, கலைஞனல்லவா.

படம் அனுப்பிய அரை மணி நேரத்தில் ஆர்டர் வந்தது. லோடு போய்ச் சேரும் அன்று நானும் பொள்ளாச்சிக்குப் போனேன். வேலை ஒன்றுமில்லை, பாராட்டு வாங்கத்தான்.

மில்காரர் முதல் மூடையைப் பிரித்து ஒரு பிடி அள்ளினார். வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு போனில் என் படத்தைப் பார்த்தார். மறுபடி வத்தலைப் பார்த்தார்.

“வத்தல் மோசமில்லைங்க தம்பி. ஆனா போட்டோவுல இருந்த வத்தல் எங்கீங்க?”

அதுதான் இது என்றேன். வாயை அதோடு மூடியிருக்கலாம். விளக்கு எந்தக் கோணத்தில் வைத்தேன், கலரை எப்படிக் கூட்டினேன் என்று ஒவ்வொன்றாக அவருக்கு வகுப்பெடுக்க ஆரம்பித்தேன். அந்த உற்சாகத்தில் தண்ணீர் தெளித்த நுணுக்கத்தையும் சொல்லிவிட்டேன்.

அவர் கையிலிருந்த வத்தலை மூடைக்குள்ளேயே போட்டார். இறக்கிக்கொண்டிருந்த ஆட்களை நிற்கச் சொன்னார். என் முன்னாலேயே அண்ணனுக்குப் போன் போட்டு, உங்கள் தம்பி வத்தலுக்குத் தண்ணீர் தெளிக்கிறாராமே என்று கேட்டார். போன் ஸ்பீக்கரில் இருந்தது. அண்ணன் வாய் திறப்பதற்குள், படத்துக்காக ஒரு பிடிக்குத்தான் தெளித்தேன் என்று குறுக்கே புகுந்து சொன்னேன்.

“ஏலே, ஒரு பிடிக்குத் தெளிச்சாலும் தண்ணி தண்ணிதாம்ல” என்றார் அண்ணன். பிறகு மில்காரரிடம், “நீங்க எல்லா மூடையும் பிரிச்சுப் பாத்துருங்க. ஒண்ணு ஈரமா இருந்தாலும் லோடை அப்படியே திருப்பி விட்டுருங்க” என்றார்.

எல்லா மூடையையும் பிரித்தார்கள். நான் ஓரமாக நின்று பார்த்தேன். இருபது வருஷத்தில் எங்கள் சரக்கை அங்கே முழுசாகப் பிரித்துப் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஒரு மூடையும் ஈரமில்லை. மில்காரர் லோடை இறக்கிக்கொண்டார், எனக்கு டீயும் வாங்கிக் கொடுத்தார். ஆனால் இனிமேல் படம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

ஊர் திரும்பியதும் அண்ணன் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. நான் சிவகாசிக்கு, எங்கள் கடைக் காலண்டர் அச்சடிக்கும் பிரஸ்ஸுக்குப் போய் மெஷின்காரரிடம் கலர் எப்படிப் பிசகுகிறது என்று கேட்டேன். அவர் அச்சடித்த தாளின் ஓரத்தில் இருந்த கலர்க் கட்டங்களைக் காட்டினார். அந்தக் கட்டம் சரியாக இருந்தால்தான் சாமி முகமும் சரியாக இருக்கும் என்றார். படத்துக்குள் நிறம் தெரிந்த பொருள் ஒன்றை வைத்து எடுங்கள் என்று சொல்லி அனுப்பினார். உடனே நான் என்ன செய்திருப்பேன் என்று உங்களுக்கே தெரியும். அதற்கென்றே விற்கும் சாம்பல் நிற அட்டை ஒன்றை வரவழைத்தேன். அதை வத்தலுக்குப் பக்கத்தில் வைத்து எடுத்து, கெஞ்சிக் கூத்தாடி ஒரே ஒரு படம் பொள்ளாச்சிக்கு அனுப்பினேன். பக்கத்தில் இருப்பது என்ன தகரமா என்று பதில் வந்தது.

அண்ணன் அதைப் பார்த்துச் சிரித்தார். பொள்ளாச்சிக்குப் பிறகு அன்றைக்குத்தான் சிரித்தார். வட்ட விளக்கை அணைக்கச் சொன்னார். வத்தலை ஜன்னலோரம் பரப்பி, பக்கத்தில் தன் கையை விரித்து வைத்தார்.

“இந்தக் கையை அவுக இருபது வருசமாப் பாக்காக. இது எந்தக் கலருன்னு அவுகளுக்குத் தெரியும். இப்ப எடு.”

எடுத்தேன். கலரைக் கூட்டியிருந்தால் அண்ணனின் கறுத்த கை செம்மண் பூசியது மாதிரி ஆகியிருக்கும். கை கையாக இருந்தது, வத்தலும் வத்தலாக இருந்தது. அண்ணனே அதைப் பொள்ளாச்சிக்கு அனுப்பினார். ஆர்டர் வந்தது. அதிலிருந்து எல்லாப் படத்திலும் அண்ணனின் கை இருந்தது. ஆகவே கேமரா வாங்குகிறவர்களுக்கு இப்போது நான் சொல்வது கொஞ்சம்தான். பகல் வெளிச்சம் வரும் ஜன்னல் ஒன்றைத் தேடுங்கள். டியூப் லைட்டை அணையுங்கள். கலர் கூட்டும் அமைப்பை எடுத்துவிடுங்கள். இரண்டாவது லென்ஸை அடுத்த வருஷம் யோசிக்கலாம். கேட்டுவிட்டு எல்லோரும் லென்ஸ்தான் வாங்குகிறார்கள்.

போன மாதம் அண்ணன் தன் மகளின் பிரசவத்துக்காகப் பெங்களூர் போயிருந்தார். அந்த நேரம் பார்த்து நல்ல சரக்கு வந்து இறங்கியது. ஜன்னலோரம் பரப்பி, வேறு வழியில்லாமல் என் கையை விரித்து வைத்துப் படம் எடுத்தேன். நான் இதுவரை எடுத்ததிலேயே சுத்தமான படம் அது. பொள்ளாச்சியிலிருந்து குரல் செய்தி வந்தது.

“இது யாரு கைங்க?”

என் கைதான் என்று எழுதினேன். போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

“அப்படீங்களா. சாம்பிளைப் பஸ்ஸுல போட்டு விடுங்க தம்பி, பாத்துட்டுச் சொல்றேனுங்க.”

வலித்தது. வலிக்கவில்லை என்றால் பொய். ஆனால் அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. பையை எடுத்துக்கொண்டு கிட்டங்கிக்குப் போனேன். மூடையைப் பிரித்ததும், மேலாக இருந்த சிவந்த வத்தல்கள் பக்கம் என் கை தானாகவே போனது. கையை இழுத்துக்கொண்டேன். பிறகு கண்ணை இறுக மூடிக்கொண்டு, மூடையின் நடுவில் முழங்கை வரை விட்டு ஒரு பிடி அள்ளினேன்.