தீவில் நான் அடைத்த மடை

படகில் எனக்குப் பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. அதில் என் பையை வைத்திருந்தேன். ஒரு ஜப்பானியப் பெண் வந்து, குனிந்து, ஏதோ கேட்டாள். பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அவளுடைய கணவன் அவள் பக்கத்திலேயே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். இருவரும் வழியெல்லாம் ஜன்னலுக்கு வெளியே காட்டிக் காட்டிப் பேசிக்கொண்டு வந்தார்கள். எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது.

அந்த இருக்கை என் வீட்டுக்காரருக்கு உரியது. அவருக்கும் பாஸ்போர்ட், விசா எல்லாம் எடுத்தாகிவிட்டது. கிளம்ப ஆறு நாள் இருக்கும்போது எங்கள் வாய்க்காலில் தண்ணீர் வந்தது.

எங்கள் ஊர் குத்தாலத்துக்குக் கிழக்கே, காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடை. மேட்டூரில் அணை திறந்து பூத்தூவுவதை டிவியில் பார்த்துவிட்டு நாங்கள் காத்துக்கொண்டே இருப்போம். எப்போது வந்து சேரும் என்று அந்தத் தண்ணீருக்கே தெரியாது. அந்த வருடம் பார்த்து என் பயணத்துக்கு முந்தைய வாரம்தான் அதற்கு வழி தெரிந்தது.

“நாத்து முத்திப் போயிரும். நடவுக்கு ஆள் சொல்லிட்டேன். நீ போயிட்டு வா” என்றார்.

“தனியாவா?”

“அதான் பாப்பா எல்லாத்தையும் போன்ல போட்டுக் குடுத்துருக்குல்ல. போயிட்டு வா.”

பாப்பா என்பது பெங்களூரில் வேலை பார்க்கும் எங்கள் மகள். அவள் பிறந்தபோது இவர் அறுவடையில் இருந்தார். நான் ஓய்வு பெற்ற அன்று பள்ளியில் நடந்த விழாவுக்கு, நாற்றங்காலில் விதை விட்டுவிட்டு, குதிகாலில் சேறோடு, எல்லோரும் காபி குடித்து முடித்த பிறகு வந்தார். சக்களத்திகூட வாரத்தில் இரண்டு நாள் விட்டுக்கொடுப்பாள். காவிரி கொடுக்கமாட்டாள்.

நான் முப்பத்தைந்து வருடம் டிராயிங் டீச்சராக இருந்தவள். பள்ளிக்கூடத்தில் டிராயிங் பீரியடுக்கு என்ன மதிப்பு என்று படித்தவர்களுக்கெல்லாம் தெரியும். பரீட்சை நெருங்கினால் கணக்கு டீச்சர் கதவில் தலையை நீட்டுவார், நான் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு வெளியே போவேன். அது போகட்டும். வீட்டில் நான் வரைந்ததைப் பார்த்து இவர் ஒருநாளும் “இது என்ன, ஏன் இப்படி வரைஞ்ச” என்று கேட்டதில்லை. நல்லது என்றும் சொன்னதில்லை, கெட்டது என்றும் சொன்னதில்லை. படத்துக்குப் பக்கத்தில் சாவியை மாட்டிவிட்டுப் போய்விடுவார்.

ஜப்பானில் இருக்கும் அந்தத் தீவைப் பற்றி ஒரு வீடியோவில் பார்த்தேன். ஆட்கள் பிழைப்புக்காக வெளியேறிப் போக, காலியாகக் கிடந்த வீடுகளையும் கிடங்குகளையும் ஓவியர்களும் சிற்பிகளும் எடுத்து என்னென்னவோ செய்திருந்தார்கள். போனால் இவரோடு போக வேண்டும் என்று அன்றே முடிவு செய்தேன். வயல் கண்ணில் படாத இடத்தில், ஒரு கலைப்பொருளின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினால், பக்கத்தில் நிற்கும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமலா போய்விடுவார்? அந்த ஒரு கேள்விக்காகத்தான் கடல் தாண்டிப் போக ஆசைப்பட்டேன். கடைசியில் திருச்சியில் என்னை விமானம் ஏற்றிவிட்டு, நடவுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடினார்.

தீவில் நான் பார்க்க வந்த இடம் ஒரு மேட்டின்மேல் இருந்தது. மூடிப்போன ஆரம்பப் பள்ளிக்கூடம். வாசலில் இருந்த பெண் ஒரு விரலைக் காட்டினாள். ஒருவர் ஒருவராகத்தான் உள்ளே விடுவார்களாம், ஆளுக்குப் பத்து நிமிடம். இவர் வந்திருந்தாலும் வெளியேதான் உட்கார்ந்திருப்பார் என்று நினைத்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. ஷூவைக் கழற்றச் சொன்னார்கள். நாங்கள் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள்; எங்கள் ஊர்க் கோயிலிலும் பூசைக்குப் போனால் செருப்பு வெளியேதான். அதனால் அது மட்டும் வீட்டு நினைப்பாக இருந்தது.

உள்ளே ஒரு வகுப்பறை. பெஞ்சுகள் இல்லை. தரை முழுக்கக் கணுக்கால் அளவுக்குக் கறுப்புத் தண்ணீர். நடுவில் ஒரு பலகைப் பாதை, அதன் முடிவில் ஒரே ஒரு நாற்காலி. எதிரே பழைய கரும்பலகையை அப்படியே விட்டிருந்தார்கள். ஜன்னல்களை அடைத்து ஒரு கீற்று மட்டும் திறந்திருந்தார்கள். உட்கார்ந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. பிறகு எங்கிருந்தோ தண்ணீரில் ஒரு சிற்றலை கிளம்பியது. கீற்று வெளிச்சம் அதில் பட்டு, கரும்பலகையில் ஏறி, வளைந்து வளைந்து ஓடி, அழிந்தது. மறுபடி இருட்டு. மறுபடி ஒரு அலை.

முப்பத்தைந்து வருடம் கரும்பலகை முன்னால் நின்றவள் நான். ஒரு வாழைப்பழம், ஒரு குடம், ஒரு கூஜா என்று வரைந்து வரைந்து அழித்தவள். அந்த வெளிச்சம் எழுதுவதையும் அழிவதையும் பார்த்துக்கொண்டே இருந்தேன். என்னை அறியாமல், “ஏங்க, இங்க பாருங்களேன்” என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். என் குரல் சுவரில் பட்டு எனக்கே திரும்பியது. அதற்குப் பிறகு அழுதேன். மணி அடிக்கும் வரை அழுதேன். வெளியே வந்தபோது வாசல் பெண் குனிந்தாள், நானும் குனிந்தேன்.

அதைப் பற்றி யாரிடமாவது பேச வேண்டும்போல் இருந்தது. படகில் வந்த அந்தக் கணவன் மனைவி மரத்தடியில் நின்று, தாங்கள் பார்த்ததைப் பற்றித்தான் போலிருக்கிறது, மெல்லப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, கடையில் வாங்கிய சோற்று உருண்டையை வீட்டிலிருந்து கொண்டுபோன எலுமிச்சங்காய் ஊறுகாயோடு தின்றேன். அவ்வளவு தனியாக நான் எங்கேயும் இருந்ததில்லை.

அடுத்த பஸ்ஸுக்கு ஒன்றரை மணி நேரம் இருந்ததால் இறங்கி நடந்தேன். பாதி வழியில் பார்த்தால் வயல்! மேட்டிலிருந்து கடல்வரை படிப்படியாக நெல். வேரூன்றித் தூர் கட்டிய பயிர். இவரிடமிருந்து தப்பித்து வந்தால் இங்கேயும் இதுதானா என்று எனக்கு எரிச்சல். இருந்தாலும் கண் போகிறதே. ஒரு வயலில் தண்ணீர் அநேகமாக வடிந்துபோயிருந்தது. வரப்பின் மூலையில் உடைந்த வாய் வழியாகக் கடைசித் தண்ணீர் கீழே ஒழுகிக்கொண்டிருந்தது. நண்டு வளை போட்டு வரப்பைப் பறித்துவிட்டது என்று நினைத்தேன்.

எங்கள் ஊரில் வரப்பு உடைந்து தண்ணீர் போவதைப் பார்த்துவிட்டு யாரும் நடந்து போகமாட்டார்கள். வயல் யாருடையதாக இருந்தாலும் சரி, பேச்சுவார்த்தை இல்லாத பங்காளியுடையதாக இருந்தாலும் சரி, குனிந்து ஒரு கை மண்ணை வைத்துவிட்டுத்தான் போவார்கள். கடைமடைக்காரர்களுக்கு அது கையோடு பிறந்த பழக்கம். நான் ஷூவைக் கழற்றிவிட்டு, சுடிதாரை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு, புல்லோடு மண்ணை வாரி அடைத்து மிதித்தேன். அடுத்த வயலிலும் அதே உடைப்பு. அதையும் அடைத்தேன். அன்றைக்கு முதல்முறையாக எனக்கு மனசு லேசாக இருந்தது.

மூன்றாவதில் கை வைத்தபோது ஒரு சின்ன வெள்ளை வண்டி வந்து நின்றது. எழுபது எழுபத்தைந்து வயதிருக்கும் ஒருவர் இறங்கி, இரண்டு கைகளையும் ஆட்டிக்கொண்டு ஓடிவந்தார். நான் மகள் சொல்லிக்கொடுத்த மொழிபெயர்ப்புச் செயலியைத் திறந்து நீட்டினேன். அவர் பேசினார். செயலி, செய்தி வாசிப்பதுபோல் தமிழில் சொன்னது: “நான் வேண்டுமென்றே திறந்தேன். நிலம் வெடிக்கும்வரை காய வேண்டும். அப்போதுதான் வேர் பலப்படும்.”

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல் இருந்தது. காய்ச்சலும் பாய்ச்சலுமாகப் பயிர் வைக்க வேண்டும் என்று இவரும் சொல்வார்தான். ஆனால் வந்த தண்ணீரை ஒரேயடியாக வடித்துவிடும் துணிச்சல் எங்கள் ஊரில் யாருக்கும் கிடையாது. மறுமுறை வருமா என்பது யாருக்குத் தெரியும்? மன்னிப்புக் கேட்டுக்கொண்டே, நான் வைத்த மண்ணை என் கையாலேயே பறித்தேன். அவர் மண்வெட்டியை எடுத்துவந்து மற்றதைத் திறந்தார். திறக்கும்போதே சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

எந்த ஊர், அங்கே நெல் உண்டா என்று கேட்டார். அன்று காலை இவர் ஒரு படம் அனுப்பியிருந்தார். நடவு நடக்கும் வயல். செய்தி ஒன்றும் இல்லை, படம் மட்டும். அதைக் காட்டினேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு மேட்டின்மேல் இருந்த கட்டடத்தைக் காட்டி ஏதோ கேட்டார்.

“அங்கே உள்ளே இப்போது என்ன இருக்கிறது? நான் அந்தப் பள்ளியில் படித்தேன். மாற்றிய பிறகு போகவில்லை.”

நான் வரப்பில் உட்கார்ந்து சொன்னேன். தண்ணீரை, நாற்காலியை, வெளிச்சம் ஏறுவதை, அழிவதை, நான் அழுததைக்கூடச் சொன்னேன். செயலி அதை எப்படி மாற்றிச் சொல்லியதோ கர்த்தருக்கே வெளிச்சம். கரும்பலகை அப்படியே இருக்கிறது என்று சொன்னபோது மட்டும் அவர் சட்டென்று நிமிர்ந்து மேட்டைப் பார்த்தார். படகுத்துறைவரை தன் வண்டியிலேயே கொண்டுவந்து விட்டார்.

துறையில் உட்கார்ந்து வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். மடையை அடைத்த கதையைச் சொன்னேன். “அடிப் பாவி!” என்று அவர் சிரித்த சிரிப்பில் என் காது அடைத்தது. பிறகு கேள்விகள் வரிசையாக வந்தன. எத்தனை நாள் காயப்போடுவாராம்? என்ன ரகம்? வரப்பு மண்ணா, சிமென்டா? நட்டு எத்தனை நாள் பயிர்? தெரிந்ததையெல்லாம் சொல்லிவிட்டுக் காத்திருந்தேன்.

“சரி, ஆளுங்க சாப்பிட்டு எழுந்துட்டாங்க. வச்சிரட்டுமா?”

வைத்துவிட்டார். ஒரு அந்நிய மனிதருக்குக் கேட்கத் தோன்றியது இவருக்கு ஏன் தோன்றவில்லை என்று திரும்பும் படகில் எனக்கு வந்த கோபம் திருச்சி வந்து சேரும்வரை ஆறவில்லை.

குத்தாலம் ஸ்டேஷனுக்கு பைக்கோடு வந்திருந்தார். பையை முன்னால் வைத்துக்கொண்டு, நான் பின்னால் உட்கார்ந்ததும், அந்த ஜப்பான்காரர் வயலைப் பற்றி விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

“நான் எதைப் பாக்கப் போனேன்னு ஒரு வார்த்த கேக்கமாட்டீங்களா? இத்தன வருஷத்துல ஒரு தடவ? ஒரே ஒரு தடவ?”

வண்டி கொஞ்ச தூரம் போயிற்று.

“ஒரு தடவ கேட்டேனே” என்றார். “கல்யாணமான புதுசுல. தாராசுரத்துல. கோயில்ல அந்தக் கல்லு சக்கரத்தக் காட்டி உங்கிட்ட ஒண்ணு கேட்டேன். நீ சிரிச்ச. உன்கூட வந்த டீச்சருங்களும் சிரிச்சாங்க.”

குரலில் கோபம் இல்லை. நேற்று மழை பெய்தது என்று சொல்வதுபோல் சொன்னார். தாராசுரம் போனது எனக்கு நினைவிருக்கிறது. என்ன சேலை கட்டியிருந்தேன் என்பதுகூட நினைவிருக்கிறது. சிரித்தது நினைவில்லை. வீடு வரும்வரை தேடிப் பார்த்தேன், இல்லை.

“என்ன கேட்டீங்க?” என்றேன்.

“அத விடு, என்னமோ கேட்டேன்.”

இறங்கியதும் மறுபடி கேட்டேன். அடுத்த நாளும் கேட்டேன். இன்றைக்குக் காலையில் காபி கொடுக்கும்போதுகூடக் கேட்டேன். இன்னும் சொல்லவில்லை.