அம்புட்டுப் பேரும் ஓ பாசிட்டிவ்

இன்று காலை தல்லாகுளத்தில் பஸ்ஸுக்கு நின்றபோது சேகர் அண்ணன் போன் செய்தார். எங்கள் ரத்ததானக் குழுவை நடத்துபவர். குழுவின் வெப்சைட்டைச் செய்தது நான். கோடிங் கற்க ஆரம்பித்து மூன்று மாதம்தான் ஆகிறது.

"ஏம்மா செல்வி, ஒரு பிரசவ கேஸுக்கு பி நெகட்டிவ் அவசரமா வேணும். தேடுனா ஒருத்தருமே இல்லைங்குது. லிஸ்ட்ல இருக்க அம்புட்டுப் பேருமா ஓ பாசிட்டிவ்?"

போனிலேயே வெப்சைட்டைத் திறந்து பார்த்தேன்; அவர் சொன்னது சரிதான்.

நேற்று ஒரே ஒருவரின் ரத்த வகையை ஓ பாசிட்டிவ் என்று திருத்தினேன். யாருடையது என்று குறிப்பிடும் வரியை எழுத மறந்திருக்கிறேன். டேட்டாபேஸ் ஒரு வார்த்தை கேட்காமல் எல்லோருடையதையும் மாற்றிவிட்டது. அதுகூடத் தெரியாமல், வேலை முடிந்ததென்று நிம்மதியாக டீ குடிக்கப் போனவள் நான்.

பழைய லிஸ்டை நகலெடுத்து வைத்த பேக்கப்பும் இல்லை.

"அண்ணே, தப்பு என்மேலதான். இப்ப என்னண்ணே பண்றது?" அழுகை வந்துவிட்டது.

"இரும்மா, கூப்பிடுறேன்" என்று வைத்துவிட்டார்.

மூன்று பஸ் போனது. எதிலும் ஏறத் தோன்றவில்லை. முகம் தெரியாத அந்தப் பெண்ணையே நினைத்துக்கொண்டு நின்றேன்.

திரும்பக் கூப்பிட்டார். "ஆளு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிட்டாரும்மா. என் போன்ல அவரு பேரே 'பி நெகட்டிவ் பாண்டி'தான்."

அப்புறம்தான் அடுத்த பஸ்ஸில் ஏறினேன்.

மதியம் திருப்பரங்குன்றத்தில் அவர் கடைக்குப் போய், அவர் போனைப் பார்த்தே லிஸ்ட் முழுவதையும் சரிசெய்தேன். எல்லோரையும் அப்படித்தான் ரத்த வகையோடு பதிந்து வைத்திருக்கிறார்.

என் பெயரையும் தேடினேன். நேற்றுவரை 'ஏ பாசிட்டிவ் செல்வி'. இப்போது 'பேக்கப் எடு செல்வி'.

இப்படிப் பெயர் வாங்கியவர்கள் வேறு யாராவது இருக்கிறீர்களா?