குருஜிக்கு வைத்த தட்டு

முக்லிங் என்ற மலையூருக்கு மேலே, திரிசூலி ஆற்றை ஒட்டிய வளைவில் மன்ரூபா ஆலேயின் சாப்பாட்டுக் கடை இருக்கிறது. எதிரே பஞ்சர் ஒட்டுவது என் பிழைப்பு. அவள் வாழ்ந்ததையும் வதங்கியதையும் உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்தவன் நான்.

கல்யாணமான புதிதில் புருஷனோடு இங்கே கல் உடைக்க வந்தாள். மண் சரியாமலிருக்க, கம்பி வலைக்குள் கல் அடுக்கிச் சுவர் எழுப்பும் வேலை. ஒரு மழையில் மலை அந்தச் சுவரோடு சரிந்து புருஷனை ஆற்றுக்குள் கொண்டுபோய்விட்டது. அவள் ஊருக்குத் திரும்பவில்லை. கைக்குழந்தை கிம்மை முதுகில் கட்டிக்கொண்டு, அதே வளைவில் தகரம் போட்டு அடுப்பு மூட்டினாள். தேசிய நெடுஞ்சாலை என்று இங்கே ஒரு பெரிய பலகை உண்டு. மழைக்காலத்தில் பல நாள் அந்தப் பலகை மட்டும்தான் மிஞ்சும். ஆனாலும் இந்தச் சாலைமேல் அவளுக்குக் கோபமே வந்ததில்லை. அவளுக்கும் சேர்த்து நான்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

பேருந்து ஓட்டுகிறவரை இங்கே குருஜி என்போம். பேருந்தை எந்தக் கடையில் நிறுத்துகிறாரோ, அங்கே அவருக்குச் சாப்பாடு இலவசம். திரைச்சீலைக்குப் பின்னால் தனி மேசை, தட்டு நிறைய ஆட்டுக்கறி. பயணிகள் குழம்பில் துழாவித்தான் கறியைக் கண்டுபிடிக்க வேண்டும். மன்ரூபா குருஜிகளுக்குக் கை சுருக்கியதே இல்லை. கிம் வளர்ந்ததும் அவர்களிடமே அவனை ஒப்படைத்தாள். தின்ற கறிக்கு நன்றியாக அவர்கள் அவனுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தார்கள்.

அவன் பெரிய பேருந்தில் உட்காரும்போது, இரண்டு வளைவு தள்ளி பளபளவென்று ஒரு ஓட்டல் வந்துவிட்டது. வண்டிகள் ஒவ்வொன்றாக அங்கே போயின. கடையை மூடிவிடு என்று நானே சொன்னேன்.

"எல்லா வண்டியும் போகட்டும் தம்பி. என் மகன் வண்டி ஒண்ணு நின்னாப் போதும், இந்த அடுப்பு அணையாது" என்றாள். அவனுக்காகப் புதுத் திரைச்சீலை வாங்கி மாட்டினாள்.

அவன் நிறுத்தவில்லை. நீளமாக ஒரு ஹாரன் அடித்துவிட்டுப் போனான். மறுநாளும் அப்படியே. இவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வருவாள். அதற்குள் வண்டி வளைவைத் தாண்டியிருக்கும்.

லீவு நாளில் ஆப்பிளோடு வந்தவனிடம், ஏன் நிறுத்துவதில்லை என்று ஒரு முறை கேட்டாள்.

"முதலாளி அங்கதான் நிறுத்தணுங்கிறாரும்மா. அதான் தினம் ஹாரன் அடிக்கிறேனே."

"ஹாரனை வச்சு உலை கொதிக்குமாடா?" என்று நான் கேட்டேன். அவள் என்னைத்தான் அதட்டினாள்.

சாவன் மாதத்து மழையில், அவள் கடைக்கும் அந்த ஓட்டலுக்கும் நடுவே மலை சரிந்தது. சாலை மறைந்தது. முதலில் வந்து மாட்டிக்கொண்டது கிம்மின் வண்டிதான், சரியாக அவள் வாசலில். பின்னால் வரிசையாக வண்டிகள். பசித்த ஜனம் கடைக்குள் புகுந்தது. வளர்த்த ஆட்டை அறுத்தாள். நான் வெங்காயம் உரித்தேன். அவள் முகத்தில் சந்தோஷமும் இல்லை, கோபமும் இல்லை.

கடைசியில் கிம் வந்தான். நேராகத் திரைச்சீலைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தான்.

"குருஜி, அங்க வேணாம். இப்படிப் பயணிகளோட வந்து உக்காருங்க" என்றாள்.

பெற்ற பிள்ளையை வாங்க போங்க என்கிறாள்.

"அம்மா, நான்..."

"வண்டிய நிறுத்தினவருக்குத்தான் அந்த மேசை. இன்னிக்கு நிறுத்தினது மலை."

அவனுக்குச் சோறும் பருப்பும் கீரையும் வைத்தாள். பிறகு குருஜிகளின் பெரிய தட்டை எடுத்து, கறியைக் குவித்து, மழையில் நனைந்தபடி நடந்துபோய்ச் சரிந்து கிடந்த மண்மேல் வைத்துவிட்டு வந்தாள். புருஷனைத் தின்ற மலைக்குக் கறிச்சோறு. கிம் தலை நிமிராமல் சாப்பிட்டான்.

மண்ணை அள்ளி வழி விட்டார்கள். வண்டிகள் போயின. அதற்குப் பிறகு கிம் எங்கள் வளைவில் ஹாரன் அடிப்பதில்லை. அவன் வண்டி கடக்கும் நேரத்துக்கு இவள் மட்டும் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுகிறாள்.