எல்லார் முன்னிலையிலும் ஒரு சொறி

கொட்டாஞ்சேனை செலீனுக்கு ஐம்பத்து மூன்று வயது. அதில் இருபத்திரண்டு வருடம், துறைமுகத்திலிருந்து சரக்கு எடுத்துக் கொடுக்கும் ஒரு சின்னக் கந்தோரில் கடிதம் அடித்தே கழிந்தது. அந்தக் கந்தோரில் ஆங்கிலம் என்றால் செலீன்தான். கப்பல் பிந்தினாலும், பெட்டி உடைந்தாலும், யாரிடமாவது மன்னிப்புக் கேட்டு எழுதும் வேலை அவள் மேசைக்குத்தான் வரும். அடுத்தவன் விட்ட பிழைக்கெல்லாம் பக்கம் பக்கமாக மன்னிப்பு எழுதிக் கொடுத்த கை அது. ஆகவே ‘சொறி’ என்ற அந்த ஆங்கிலச் சொல்லைப் பற்றி அவளுக்குத் தெரிந்த அளவு அந்தக் கட்டடத்தில் வேறு யாருக்கும் தெரியாது.

பஸ்ஸில் காலை மிதித்தவன் சொல்லும் சொறிக்கு முகத்தைக்கூடத் திருப்பத் தேவையில்லை. வெள்ளவத்தைப் புடவைக் கடையில் “அந்தக் கலர் முடிஞ்சுது, சொறி மிஸ்” என்றால், எழும்பிப் போ என்று அர்த்தம். தொலைபேசியில் காது கேட்காவிட்டாலும் சொறி, கல்யாணத் தரகரைத் துரத்தவும் அதே சொறி. இப்படி நாளைக்கு நூறு சொறி காதில் விழும். ஆனால் ஒன்பது வருடத்துக்கு முன்பு, அவள் கணவன் ஒஸ்வால்ட் கிடந்த வார்டுக் கதவைத் திறந்துகொண்டு ஒரு டொக்டர் வந்தார். “ஐ ஆம் சொறி, மிஸிஸ்” என்றார். சொன்னவர் போகவில்லை. அவள் அழுது முடியும் வரை கையைக் கட்டிக்கொண்டு அங்கேயே நின்றார். அவர் மீது ஒரு பிழையும் இல்லை. சொல்லிவிட்டு நிற்கிறவன் சொல்வதுதான் சொறி என்று செலீனுக்கு அன்றைக்கு விளங்கியது.

இனி றெஜியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லவே வாய் கசக்கிறது. கந்தோருக்கு வந்த புதிதில் “செலீனக்கா, செலீனக்கா” என்று குழைந்தவன், மனேஜர் ஆன மறுநாளே அக்காவை வெட்டி எறிந்துவிட்டு வெறும் “செலீன்” என்று கூப்பிடத் தொடங்கினான். நாற்பது வயதுதான். நடையைப் பார்த்தால் துறைமுகத்தையே இவன் கட்டிவிட்டதுபோல் இருக்கும்.

ஏப்ரலில் ஒரு நாள், சரக்கெடுக்கத் தேவையான கப்பல் பத்திரம் ஒன்று காணாமல் போனது. றெஜி நேரே செலீனின் மேசைக்கு வந்தான்.

“உங்கட கையிலதான் தந்தனான். எங்க வெச்சிருக்கிறீங்க?”

“எனக்குத் தரேல்ல சேர்.”

“அப்ப பேக்கைப் பாப்பம்.”

கேட்டுக்கொண்டா எடுத்தான்? கைப்பையைத் தூக்கிக் கவிழ்த்துவிட்டான். செபமாலை, பிரஷர் குளிசை, இரண்டு இஞ்சி டொபி, ஒஸ்வால்ட்டின் நினைவு அட்டை எல்லாம் மேசையில் சிதறின. கடைசியாக, டிஷ்யூவில் சுற்றியிருந்த அவளுடைய கட்டுப்பல் உருண்டு வந்து தட்டச்சுப் பலகைக்குப் பக்கத்தில் நின்றது. பல் முரசு நோகும்போது யாரும் காணாமல் கொஞ்ச நேரம் கழற்றி வைப்பாள். அப்படியொன்று அவளிடம் இருப்பது அதுவரை யாருக்கும் தெரியாது. துறைமுகத்துக்குப் போய்வரும் நப்ரீஸ் சிரித்தேவிட்டான். கணக்குப் பார்க்கும் அனுஷியா தலையைக் குனிந்துகொண்டாள். பத்திரம் மட்டும் அங்கே இல்லை.

மூன்றாம் நாள் செலீன் பின்பக்கக் குழாயில் சாப்பாட்டுப் பெட்டி கழுவிக்கொண்டிருந்தபோது, றெஜி கதவால் தலையை மட்டும் நீட்டினான். “ஆ செலீன், அது என்ட காருக்குள்ளதான் கிடந்திருக்கு. சொறி, என்ன?” அவ்வளவுதான். அவள் திரும்பிப் பார்க்க முன்பே தலை மறைந்துவிட்டது. அந்தச் சொறியைக் கேட்டது அவளும் தண்ணீர்க் குழாயும்தான்.

அன்றிலிருந்து அவள் வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரித்தாள். ஒரு வாரம் பொறுத்துவிட்டு, வெட்கத்தை விட்டு அவனிடமே போய்க் கேட்டாள்.

“சேர், எல்லாருக்கும் முன்னாலதானே பேக்கைக் கொட்டினீங்க. எல்லாருக்கும் முன்னால ஒருக்கா சொல்லுங்க. வேற ஒண்டும் வேணாம்.”

“அதுதான் சொறி சொன்னனே. இன்னும் என்ன, கால்ல விழவோ?” என்று சிரித்தான்.

அந்தச் சிரிப்புத்தான் அவளைக் கெடுத்தது. பாவசங்கீர்த்தனத்தில் சுவாமியாரிடம் எல்லாம் சொன்னாள். இந்தக் கோபத்தை மட்டும் சொல்லவில்லை. சொன்னால் மன்னித்துவிடு என்பார். அவளுக்கு மன்னிக்க விருப்பமில்லை.

கந்தோரின் முதலாளி அலவி ஹாஜியார். கண் மங்கிப்போனவர். மாதத்தின் முதல் திங்கட்கிழமை வருவார். போன மாதம் கையெழுத்தான கடிதங்களின் பிரதிகளை, கையெழுத்து வைத்தவரே எழுந்து நின்று உரக்க வாசிக்க வேண்டும். மற்ற எல்லாரும் தேத்தண்ணியோடு சுற்றி நின்று கேட்க வேண்டும். அவருடைய வாப்பா காலத்து வழக்கம். வாசிக்காமல் கையெழுத்து வைத்த ஒரு கிளார்க்கை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியவர் அவர். றெஜியோ ஒரு கடிதத்தையும் வாசித்ததில்லை. செலீன் அடித்தால் சரியாகத்தான் இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்து வைப்பான். தன்னுடைய கடிதங்களை அவன் முதல்முதலாக வாசிப்பதே அந்தத் திங்கட்கிழமைதான். இருபத்திரண்டு வருடம் பிழை விடாமல் அடித்ததற்குப் பலன் இப்போதுதான் கைக்கு வந்தது என்று செலீன் நினைத்தாள்.

ஜூன் மாதம், கொச்சிக்கடை அந்தோனியார் திருநாளுக்கு முந்தின நாள். றெஜி பவனியில் அந்தோனியாரின் சுருவத்தைத் தோளில் தூக்கும் கூட்டத்தில் ஒருவன், மத்தியானத்திலிருந்தே கால் தரையில் நிற்கவில்லை. செலீன் அந்த மாதத்தின் பதினொரு கடிதங்களையும் அடுக்கினாள். ஏழாவதை மட்டும் நான்கு தரம் மாற்றி அடித்தாள். கம்பனிகள் எழுதுகிற ‘வருந்துகிறோம்’ வேண்டாம், பெரிய மனிதர்களின் ‘அபொலஜி’யும் வேண்டாம். அவன் குழாயடியில் வீசிவிட்டுப் போன அதே சொல்லையே போட்டாள்.

“கொண்டாங்க, கொண்டாங்க” என்று பதினொன்றிலும் கிறுக்கிவிட்டு அவன் ஓடினான்.

ஜூலை முதல் திங்கள். செலீன் முரசு நோவைப் பொறுத்துக்கொண்டு கட்டுப்பல்லைப் போட்டுக்கொண்டு வந்தாள். றெஜி பிரதிக் கோப்பை விரித்து, வழக்கமான துரைக் குரலில் ஆறு கடிதங்களை வாசித்தான். ஏழாவதையும் அதே மிடுக்கோடுதான் தொடங்கினான். “எல்லா ஊழியர்களுக்கும். ஏப்ரல் பதினேழாம் தேதி உங்கள் முன்னிலையில் மிஸிஸ் செலீனின் கைப்பையை நான்...”

குரல் நின்றது.

“ஏன் நிப்பாட்டின? வாசிங்க” என்றார் ஹாஜியார்.

“...நான் கொட்டினேன். பத்திரம் என்னுடைய காரில் இருந்தது. பிழை என்னுடையது. ஐ ஆம் சொறி.” கடைசி மூன்று சொல்லும் தொண்டைக்குள்ளேயே போய்விட்டன.

ஹாஜியார் கண்ணாடியைக் கழற்றினார். “இது ஒங்கட சைன் தானே? வாசிச்சிட்டுத்தானே வெச்ச?”

தேத்தண்ணிக் கோப்பைகள் எல்லாம் அந்தரத்தில் நின்றன. வாசிக்கவில்லை என்றால் வேலை போகும். வாசித்தேன் என்றால் மானம் போகும். றெஜி செலீனைப் பார்த்தான். அவள் மூன்று மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக, வாயைப் பொத்தாமல், பல் அத்தனையும் தெரியச் சிரித்தாள். அவள் நெஞ்சு குளிர்ந்து கிடந்தது. அந்தோனியாருக்கு ஒரு மெழுகுதிரி கட்டாயம் ஏற்ற வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

“ஓம் ஹாஜி... வாசிச்சிட்டுத்தான் வெச்சனான்.”

“நல்ல மனிசன். அப்ப ஏன் காயிதத்தில மட்டும்? போய் வாயால சொல்லுங்க.”

றெஜி அவள் மேசைக்கு முன்னால் வந்தான். கைப்பை கவிழ்ந்த அதே இடம். நப்ரீஸ் பார்த்துக்கொண்டு நின்றான், அனுஷியா இந்தத் தரம் தலையைக் குனியவில்லை.

“செலீனக்கா, சொறி.”

அக்காவும் திரும்பி வந்துவிட்டாள். சொறி சொன்னவருக்குப் ‘பரவாயில்லை’ என்று சொல்வது கொழும்பில் யாருக்கும் தன்னாலே வாயில் வரும். அதைக் கேட்டுக்கொண்டு போகத்தான் அவனும் காத்திருந்தான். செலீன் கைப்பையைத் திறந்தாள். மூக்குக்கண்ணாடியை எடுத்து, முந்தானையால் ஒரு பக்கம் துடைத்து, மற்றப் பக்கமும் துடைத்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அவன் கையிலிருந்த பிரதிக் கோப்பை வாங்கி, எட்டாவது கடிதம் சரியாக அடித்திருக்கிறதா என்று வரி வரியாகப் பார்க்கத் தொடங்கினாள்.

றெஜி நின்றுகொண்டிருந்தான். அவள் அவனைப் போகச் சொல்லவில்லை.